முதலில் உங்கள் புத்தகம், அப்புறம் பிள்ளையின் புத்தகம்

"எங்க பையன் பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் தொடமாட்டேங்கிறான். நல்ல கதைப் புத்தகமா நாலு சொல்லுங்க" என்று கேட்கிற பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் உங்களுக்காகக் கடைசியாகப் படித்தது என்ன? வேலைக்காகவோ பிள்ளைக்காகவோ படித்ததை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி நிறைய படிப்பேன்" என்று பதில் வரும்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாசிப்பு விட்டுப்போய்ப் பல வருஷமானவர்கள், அந்தப் பழக்கமே இல்லாதவர்கள், ஆனாலும் பிள்ளை படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்கள். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், பெற்றோர் தங்கள் வாசிப்பை எப்படித் தொடங்குவது என்பதாகவே இருக்கும். பிள்ளைக்கான புத்தகம் அதற்குப் பின்னால்தான். இந்த வரிசையை மாற்றினால் பலன் குறைவு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பிர்ல்ஸ் என்று ஒரு சர்வதேச ஆய்வு இருக்கிறது. 2001-லிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, பல நாடுகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கிறார்கள். கூடவே பெற்றோரிடமும் ஒரு கேள்வித்தாள் போகும். உங்களுக்குப் படிக்கப் பிடிக்குமா, வீட்டில் எத்தனை புத்தகம் இருக்கிறது, பிள்ளைக்குப் படித்துக் காட்டுவீர்களா என்று கேட்பார்கள். வாசிப்பை விரும்பும் பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் மேலே இருப்பது தொடர்ந்து தெரிகிறது. 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வு 27 நாடுகளின் விவரங்களை எடுத்துக்கொண்டது. புத்தகம் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்கள், புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களைவிடச் சராசரியாக மூன்று வருஷம் கூடுதலாகக் கல்வி பெற்றிருந்தார்கள். பெற்றோரின் படிப்பு, தொழில் ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தைக் கழித்த பிறகும் இந்த இடைவெளி இருந்தது.

இதை வைத்து, நாம் நாலு நாள் புத்தகத்தோடு உட்கார்ந்தால் பிள்ளையும் ஓடி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நன்றாக வாசிக்கும் பெற்றோர் பழக்கத்தோடு மரபணுவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். வாசிப்புத் திறனில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தடங்கலில்லாமல் வாசிக்கிற பிள்ளைதான் விரும்பி வாசிக்கும். எழுத்து எழுத்தாகத் தடுமாறுகிற பிள்ளைக்கு ஒவ்வொரு பக்கமும் வேதனை. உங்கள் பிள்ளை அப்படித் தடுமாறினால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். வகுப்பில் மற்றவர்களைவிட மிகவும் பின்தங்கி, 'பட'வை 'டப' என்பது போல மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டே இருந்தால், டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிரமமா என்று அதில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல வருஷமாக இந்த வேலையைச் செய்துவருகிறது. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம்.

மரபு நம் கையில் இல்லை. கைக்கெட்டும் இடத்தில் புத்தகம், அதற்கென்று கொஞ்ச நேரம், அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, இந்த மூன்றும் நம் கையில்தான் இருக்கின்றன.

முதல் வாரம்: வீட்டைப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள்

ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம், கவனித்தால் போதும். மாலை ஏழு மணியிலிருந்து படுக்கும்வரை உங்கள் கையில் என்ன இருக்கிறது? ஓய்வாக உட்கார்ந்ததும் கை முதலில் எதைத் தேடுகிறது? பிள்ளை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் வேலை செய்யும்போது செய்வதைவிட, சும்மா இருக்கும்போது செய்வதைத்தான் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

"நான் போன்லதான் படிக்கிறேன்" என்று சிலர் சொல்வதுண்டு. உண்மையாகவே நல்ல நீண்ட கட்டுரைகளைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரிவது போனின் முதுகு மட்டும்தான். நீங்கள் சிறுகதை படிக்கிறீர்களா, ரீல்ஸ் தள்ளுகிறீர்களா என்று அதற்குத் தெரிய வழியில்லை. அதனால் வீட்டில் இருக்கும்போதாவது காகிதத்தில் படியுங்கள். போனில்தான் படித்தாக வேண்டும் என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "யானை வழித்தடத்தைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருக்காங்க, படிச்சுட்டு வர்றேன்."

அடுத்து, வீட்டில் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள், கேடயங்களுக்கும் பொம்மைகளுக்கும் நடுவே பூட்டியிருக்கும். இல்லையென்றால் பரணில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். இரண்டிலிருந்தும் வெளியே எடுங்கள். பிள்ளையின் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கூடை, சாப்பாட்டு மேசையில் இரண்டு புத்தகம் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு முதுகு தெரியும்படி அடுக்காமல், அட்டைப்படம் தெரியும்படி சாய்த்து வையுங்கள். கிழியும், கறைபடும். பரவாயில்லை.

பரண் என்றதும் பெரியம்மா வீடு நினைவுக்கு வருகிறது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கவனமாகப் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைப்பார். காலிகோ துணியில் முதுகு, அட்டையில் பழுப்புக் காகிதம், அதன்மேல் கதைப் பெயரைத் தன் கையெழுத்திலேயே எழுதியிருப்பார். உள்ளே கதைக்குப் பக்கத்திலேயே பழைய சோப்பு விளம்பரம், பின்பக்கத்தில் பாதி துணுக்கு. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இது உண்டு. கோடை விடுமுறையில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் படித்தோம். யாரும் படிக்கச் சொன்னதில்லை. "இதெல்லாம் பெரியவங்க படிக்கிறது" என்று பிடுங்கி வைத்ததுதான் உண்டு. மத்தியானச் சமையல் முடிந்ததும் முந்தானையை விரித்துத் தரையில் படுத்து, ஒரு மணி நேரம் பெரியம்மா போன்ற பெண்கள் படிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படிப் படிக்கும்போது கூப்பிட்டால் காதில் விழாது. அதில் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது: உங்களுக்கு ஒரு புத்தகம்

மெலிதானதாக எடுங்கள். நூறு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. புத்தகக் காட்சிக்குப் போன உற்சாகத்தில் ஐந்து பாகச் சரித்திர நாவலை வாங்கி வந்து, முதல் பாகத்தின் நடுவிலேயே நின்றுபோனவர்களை எனக்கு நிறையத் தெரியும். அது நல்ல நாவலாகவே இருக்கலாம். பல வருஷம் கழித்துத் திரும்ப வருகிறவருக்கு அது முதல் புத்தகம் இல்லை. சிறுகதைத் தொகுப்பு சரியாக வரும். ஒரு கதை ஒரே இரவில் முடிந்துவிடும், முடித்த திருப்தியும் கிடைக்கும்.

பிடித்ததை எடுங்கள் என்பது இன்னும் முக்கியம். கிரிக்கெட் பிடித்தால் கிரிக்கெட், சமையல் பிடித்தால் சமையல், கொலை துப்பறிதல் பிடித்தால் கடையில் தொங்கும் மாத நாவல். பிள்ளை பார்க்கிறதே என்று உயர்ந்த விஷயமாகத் தேடிப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு படித்தால், வாசிப்பு சுளித்த முகத்தோடு செய்கிற வேலை என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். சிரித்துக்கொண்டே படிக்கிற அப்பாவைப் பார்த்த பிள்ளை, "என்னப்பா, என்ன?" என்று தோளில் வந்து சாயும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் நிறுத்துங்கள். "இது எனக்குச் சரிப்படலை" என்று சொல்லி நிறுத்துங்கள். அந்த உரிமை தனக்கும் உண்டு என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

நாற்பதைத் தொட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் தெரிகிறதா? இரண்டு பக்கத்தில் தலை வலிக்கிறதா? அது வெள்ளெழுத்து. படிப்பதில் ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு கண்ணாடிதான். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

எங்கே வாங்குவது? சென்னையில் ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டிப் பெரிய புத்தகக் காட்சி நடக்கிறது. 1977-ல் தொடங்கியது, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம். இப்போது மாவட்டந்தோறும் அரசே நடத்துகிறது. வழக்கமாக 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. குடும்பமாகப் போனால் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: ஆளுக்கு ஒரு தொகை, அவரவர் புத்தகத்தை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும், அம்மா உட்பட. பல அம்மாக்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது: நேரம், குறிப்பாக அம்மாவின் நேரம்

பெரும்பாலான வீடுகளில் திட்டம் நின்றுபோவது இங்கேதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் அப்பா காபியோடு பேப்பர் படிக்கிறார். அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். இரவு அப்பா சோபாவில், அம்மா அடுப்படியில். பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு எடுத்து வைத்து, யூனிபார்ம் தேய்த்துவிட்டு அவர் உட்காரும்போது மணி பத்து. பிள்ளை தூங்கிப்போயிருக்கும். அம்மா உட்கார்ந்து படிப்பதைப் பார்க்காமலே வளர்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அதிலும் பெண் பிள்ளை இதிலிருந்து ஒரு பாடத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது: படிப்பது என்பது வேலையில்லாதவர் செய்வது, நமக்கு வேலை இருக்கும்.

எனவே முதல் மாற்றம் புத்தகத்தில் வருவதல்ல, சமையலறையில் வர வேண்டியது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தை அப்பா கழுவட்டும், அல்லது இரண்டு பேரும் சேர்ந்து முடிக்கட்டும். பிள்ளை தட்டுகளை எடுத்து வைக்கட்டும். அப்புறம் இருபது நிமிஷம். போன்கள் எல்லாம் பிரிட்ஜ் மேல் சார்ஜில். அம்மா நாற்காலியில், அப்பா தரையில், எப்படி வேண்டுமானாலும். ஆளுக்கு ஒரு புத்தகம்.

முதல் சில நாள் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை வந்து இடிக்கும். "அம்மா, போன் தாயேன்." "அம்மா, தண்ணி." "அம்மா, நீ என்ன பண்றே?" எழுந்துவிடாதீர்கள். "இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வர்றேன், அதுவரைக்கும் என் பக்கத்துல உக்காரு" என்று சொல்லுங்கள். முடித்துவிட்டு உண்மையாகவே போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். சொன்னபடி வருவது முக்கியம். அப்போதுதான் புத்தகம் தன்னிடமிருந்து அம்மாவைப் பறிக்கும் எதிரியாகத் தெரியாது. பிள்ளை படம் வரையட்டும், சும்மா கிடக்கட்டும், கூடையில் இருக்கிற புத்தகத்தைப் புரட்டட்டும். முதல் இரண்டு வாரம் "நீயும் ஒண்ணு எடுத்துப் படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்ன மறுநிமிஷம் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

சீரியல் நேரத்தில் தாத்தா பாட்டியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர்கள் பார்க்கட்டும், நீங்கள் அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறை வீடு என்றால் மொட்டை மாடியோ வாசல்படியோ பார்க்கலாம். கடை வைத்திருப்பவர், ஷிப்டு வேலைக்குப் போகிறவர் தினமும் முடியாது. ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் அதைத் தவறாமல் செய்யுங்கள். கல்லாவில் உட்கார்ந்து கூட்டமில்லாத நேரத்தில் படிக்கிற அப்பாவைப் பள்ளி விட்டு வரும் பிள்ளை பார்த்தால் அதுவும் கணக்குத்தான்.

நான்காவது: சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்

பிள்ளை பிறந்த சில மாதங்களிலிருந்தே படித்துக் காட்டலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014-லிருந்து இதைப் பெற்றோருக்குப் பரிந்துரை செய்கிறது. அந்த வயதில் புரிவது குறைவு. மடி, குரல், பக்கம் திரும்பும் சத்தம் எல்லாம் சேர்ந்து பிடித்துப்போகும்.

தமிழில் ஒரு கஷ்டம் உண்டு. புத்தகத்தில் "குரங்கு மரத்தின் உச்சியில் அமர்ந்திருந்தது" என்று இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பிள்ளை திருதிருவென்று விழிக்கும். சிலர் உடனே எல்லாவற்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள், சிலர் விறைப்பாக அச்சில் உள்ளபடியே படித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது. முதல் தடவை படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள்: "பாரு, குரங்கு மரத்து உச்சில போய் உக்காந்துக்கிச்சு." மறுநாள் அதே பக்கத்தை அச்சில் உள்ளபடி, நிதானமாக, விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டு படியுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் 'அமர்ந்திருந்தது' என்றால் என்ன என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை. பிள்ளைகள் அதே கதையைப் பத்துத் தடவை கேட்பார்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்துத் தமிழ் காதில் ஏறுவது அந்தப் பத்துத் தடவையில்தான். பின்னால் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது அந்த நடை அந்நியமாக இருக்காது.

பிள்ளை தானாகப் படிக்கத் தெரிந்துகொண்டதும் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது பொதுவான வழக்கம். நிறுத்த வேண்டாம். ஏழு, எட்டு வயதில் பிள்ளையால் தானாகப் படிக்க முடிவது சின்னக் கதைதான், ஆனால் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியது அதைவிடப் பெரிய கதை. நீங்கள் பெரிய கதையை இரவுக்கு ஒரு அத்தியாயமாகப் படியுங்கள். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

படப்புத்தகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் இலவசம். முதல் நிலையிலிருந்து நான்காம் நிலைவரை பிரித்திருக்கிறார்கள், பிரின்ட் எடுத்து நடுவில் தைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் இருக்கிறது. தபாலில் பிள்ளையின் பெயருக்கே ஒரு பத்திரிகை வருவது தனிச் சந்தோஷம்.

எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியாதே?

இதைக் கேட்கத் தயங்குகிற பெற்றோர் நிறையப் பேர். ஐந்தாவதோடு நின்றவர்கள், பிள்ளை ஆங்கில வழியில் படிக்க, ஆங்கிலம் தெரியாதவர்கள். அவர்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை.

நம் ஊர் டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டுக் கருத்துச் சொல்வது பழைய வழக்கம். பேப்பர் வைத்து எழுத்துக்கூட்டப் பழகியவர்கள் ஏராளம். வீட்டில் அதையே திருப்பிப் போடுங்கள். பிள்ளை படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். "இன்னிக்கு மழை வருமான்னு போட்டிருக்கான் பாரு, படி" என்று பேப்பரைக் கொடுங்கள். தெருவில் ஒட்டியிருக்கும் கோயில் திருவிழா நோட்டீஸ், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் படிக்கிற பொருள்தான். பிள்ளை ஆங்கிலக் கதையைப் படித்தால், "எனக்குப் புரியலை, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். சொல்லச் சொல்லப் பிள்ளைக்கே கதை தெளிவாகும். நீங்கள் செய்ய வேண்டியது கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, "அப்புறம்?" என்று கேட்பது.

இன்னொரு பக்கம், ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் பிள்ளை தமிழில் எழுத்துக்கூட்டுகிற வீடுகள் பெருகிவிட்டன. அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் எட்டாம் வகுப்புத் தமிழை வைத்தால் அவமானப்படும். தூலிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் அச்சிடும் இருமொழிப் படப்புத்தகங்களைப் போடுகின்றன. தம்பிக்கோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சின்னவருக்குப் படித்துக் காட்டும்போது எளிய புத்தகத்தைக் கையில் எடுக்க வெட்கம் இருக்காது.

ஐந்தாவது: நூலக அட்டை, உங்கள் பெயரிலும்

வீட்டு வரி கட்டுகிறீர்களா? அந்த ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன். உங்கள் தெருக்கோடிக் கிளை நூலகம் அந்தப் பணத்தில் நடக்கிறது. நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த இடம் அது.

சின்ன வைப்புத்தொகை, அதைவிடச் சின்ன ஆண்டுச் சந்தா, முகவரிச் சான்று, ஒரு விண்ணப்பம் போதும். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, நேரம் ஊருக்கு ஊர் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள். பிள்ளைக்கு மட்டும் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டு வெளியே வண்டியில் காத்திருக்காதீர்கள். உங்கள் பெயரிலும் வாங்குங்கள். உள்ளே போனதும் நீங்கள் உங்கள் அலமாரிக்குப் போங்கள், பிள்ளை அதன் அலமாரிக்குப் போகட்டும்.

அரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அந்த நூல் எது என்று வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை எடுத்துவருவது வயதுக்குச் சின்னதாக இருக்கலாம், பேய்க்கதையாக இருக்கலாம், பாதிக்கு மேல் படமாக இருக்கலாம். படக்கதையும் வாசிப்புதான். எடுத்துக்கொண்டு வந்து மறுநாளே பிடிக்கவில்லை என்றாலும் நஷ்டம் எதுவும் இல்லை, அதற்காகத்தான் நூலகம்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெரிய நூலகம் ஒன்றைக் காட்டுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அவசரமாகச் சுற்றிக்காட்டிவிட்டுக் கிளம்பாமல், அரைநாள் அங்கேயே இருக்கும்படி சாப்பாட்டோடு போங்கள்.

ஆறாவது: பேச்சு

"கதை சொல்லும் நீதி என்ன?" என்ற கேள்வியை வீட்டுக்குள் விடாதீர்கள். பள்ளியில் அது போதுமான அளவு கிடைக்கிறது. எத்தனை பக்கம் முடித்தாய், புதிய வார்த்தை என்ன கற்றாய் என்பதும் அதே வகைதான். அதற்குப் பதில் உங்கள் புத்தகத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள். சாப்பிடும்போது, "நான் படிக்கிற கதையில அந்தக் கிழவர் வீட்டை வித்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு விடுங்கள். சில நாள் கழித்து, "அந்தத் தாத்தா வீட்டை வித்துட்டாரா?" என்று பிள்ளையே கேட்கும். கணவனும் மனைவியும் ஒரு புத்தகத்தைப் பற்றி, "எனக்கு அந்த முடிவு பிடிக்கலை" "ஏன், நல்லாத்தானே இருந்தது" என்று வாதம் செய்வதைப் பிள்ளை கேட்டால் இன்னும் நல்லது.

தவிர்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டனையாகப் படிக்க வைப்பது, படித்தால் போன் தருகிறேன் என்று பேரம் பேசுவது, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவது, "நான் உன் வயசுல" என்று தொடங்குவது, பரீட்சை வந்ததும் கதைப் புத்தகத்தை ஒளித்து வைப்பது. கடைசியாகச் சொன்னது நம் ஊரில் மிகச் சாதாரணம். பத்தாம் வகுப்பு வந்ததும் வாசிப்பை நிறுத்தி, கல்லூரிக்குப் போனதும் ஏன் எதுவும் படிப்பதில்லை என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? பரீட்சை மாதத்திலும் படுக்கும் முன் பத்து நிமிஷம் விட்டுக்கொடுங்கள்.

பிள்ளை பன்னிரண்டைத் தாண்டிவிட்டால்

தாமதம்தான், ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. இந்த வயதில் பெற்றோர் எதைக் கொடுத்தாலும் சந்தேகம் வரும். அதனால் கொடுப்பதை நிறுத்துங்கள். உங்கள் இருபது நிமிஷத்தை நீங்கள் விடாமல் செய்யுங்கள், சேரும்படி அழைக்க வேண்டாம். புத்தகங்கள் கண்ணில் படும் இடத்தில் கிடக்கட்டும். பிள்ளைக்கு எதில் பைத்தியம் என்று பாருங்கள். கால்பந்தோ பைக்கோ கொரிய இசையோ, அதைப் பற்றிய நல்ல கட்டுரை பேப்பரில் வந்தால் மடித்து வைக்காமல் அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மேசையில் போட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம் ஒரு நாள், நல்ல மனநிலையில் இருக்கும்போது, கேளுங்கள்: "நீ படிச்சதுல, இல்ல உன் பிரெண்ட்ஸ் படிக்கிறதுல, நான் படிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லேன்." ஜப்பானிய மாங்கா ஒன்றைக் கையில் கொடுக்கலாம், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லியும் தரலாம். வாங்கிக்கொள்ளுங்கள், முழுக்கப் படியுங்கள். புரியாத இடத்தில் பிள்ளையிடமே கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கவில்லை, ஏன் என்று, நண்பரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.